தேத்தண்ணியில் கலந்த மாத்திரை

போனை எடுக்காத தம்பிக்கு, அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் சுகம் என்று எழுதினால் அது பொய். நீ சுகமா என்று கேட்டால் நீ பொய் சொல்வாய். அதனால் அந்த இரண்டு வரியையும் விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உனக்கு நான்கு தரம் போன் அடித்தேன். மூன்று தரம் எடுக்கவில்லை. நான்காவது தரம் எடுத்து, "கடையில ஆள் நிக்குதுப்பா, பொறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டாய். நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு பின்னேரம் உன் முதலாளி கடை திறப்பதில்லை என்று எனக்குத் தெரியாதா? பதுளை டவுனில் பூட்டிக் கிடக்கிற ஹார்ட்வெயார் கடைக்குள் நின்று யாருக்கு ஆணி நிறுத்துக் கொடுத்தாய்? நாளைக் காலையில் தோட்டத்து லொறி உரம் ஏற்ற டவுனுக்கு வருகிறது. டிரைவரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். போனை வைத்துவிடலாம், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம்தான். ஆனால் நீ படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

விஷயம் இதுதான். போன வாரம் வந்தபோது கொண்டுவந்த பையை இங்கேயே விட்டுவிட்டுப் போனாய். அம்மா அதைத் துவைக்க எடுத்தாள். உள்ளே கிளினிக்கில் கொடுத்த மாத்திரை உறைகள் இரண்டும் மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தன. உறையின் மேல் எழுதியிருந்த தேதியைப் பார்த்தேன், மூன்று வாரம் ஆகியிருந்தது.  அம்மா அவற்றை என் மடியில் போட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். அவள் பேசாமல் போனால் அது என்னைத் திட்டியதாக அர்த்தம். உடனே உனக்குப் போன் போட்டேன், அன்றைக்கு எடுத்தாய். "நிறுத்திட்டேன்ப்பா. நல்லாத்தானே இருக்கேன்? கல்யாணத்துக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு, அதுக்குள்ள ஒடம்பும் எளைச்சிரும்" என்றாய். அதற்குப் பிறகு இன்னும் ஒன்று சொன்னாய். அதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போது எழுத என்னால் முடியவில்லை.

நல்லாத்தானே இருக்கேன்! அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலை சுடுகிறது. நன்றாக இருப்பது எதனால் என்று ஒரு நிமிடம் யோசித்தாயா? கூரை ஒழுகவில்லை என்பதற்காகத் தகரத்தைக் கழற்றி விற்கிறவனை என்ன சொல்வாய்? நீ தகரம் விற்கிற கடையில் நிற்கிறாய், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விட்ட மறுநாளே ஒன்றும் நடக்காது, அதனால்தான் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள் என்று கிளினிக் டொக்டரம்மா எத்தனை தரம் சொல்லியிருக்கிறார். முதலில் கை நடுக்கம் குறையும், பகல் தூக்கம் போகும், பசி அடங்கும், ஆள் தெளிந்த மாதிரி இருக்கும். நோய் திரும்பி வர ஒரு மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். தை மாதம் உனக்குக் கல்யாணம். எப்போது வந்து நிற்கும் என்று நீயே யோசித்துப் பார். அன்றைக்கு உன் பக்கத்தில் நிற்கப்போகிறவள் மாலதி. அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது.

உன்னைத் திட்டுவதற்கு மட்டும் இதை எழுதவில்லை. திட்டி முடித்துவிட்டு என்னையும் திட்ட வேண்டியிருக்கிறது, அதற்கு முதலிலிருந்து வர வேண்டும். உனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாய். முதலில் தூக்கம் போனது. பிறகு கொழுந்து லொறியின் ஹார்ன் உன் பெயரைச் சொல்கிறது என்றாய். ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண் உனக்குத்தான் ஏதோ சொல்கிறாள் என்று காதைப் பொத்திக்கொண்டாய். லயத்தில் அடுத்த வீட்டுக் காம்பராவில் யாராவது இருமினால் அது உனக்குக் காட்டுகிற சைகை. நான் என்ன செய்தேன்? "படிச்ச திமிரு" என்றேன். ஒரு மாதம் அப்படியே விட்டேன். மூன்று நாள் நீ சாப்பாட்டைத் தொடாமல் கிடந்த பிறகு அம்மாதான் ஒற்றைக் காலில் நின்று டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பதினெட்டு நாள் வார்டில் இருந்து, கொஞ்சம் தெளிந்து வந்தாய். காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை, கை கால் விறைக்காமல் இருக்க இன்னொரு சின்ன மாத்திரை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

வந்த நான்காம் நாளே மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து வெளியே போய்த் துப்ப ஆரம்பித்தாய். "எனக்கு ஒன்னுமில்லப்பா. இத முழுங்கினா தலைக்குள்ள பஞ்ச அடைச்ச மாதிரி இருக்கு" என்றாய். கெஞ்சினேன். மிரட்டினேன். பிறகு என் புத்திக்கு எட்டியதைச் செய்தேன். கொழுந்தைத் தேயிலையாக்குகிற ஸ்டோரில் சூடு போட்டுக் காயவைக்கிற மெஷினோடு முப்பத்தொரு வருசம் நின்றவன் நான். எந்த வாசனை எதை மறைக்கும் என்று எனக்குத் தெரியும் என்ற கர்வம் வேறு. காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் ஒன்றாகப் போட்டுக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கி, இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியில் கலந்து, சீனியைக் கூடப் போட்டு, விடிந்ததும் உன் கையில் கொடுத்தேன். அந்தச் சின்ன மாத்திரையைப் போடவில்லை. கூடுதலாகக் கசந்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்ற பயம். நீ குடித்தாய். "இன்னைக்குத் தேத்தண்ணி நல்லாருக்குப்பா" என்றுகூடச் சொன்னாய். 

இரண்டு வாரத்தில் நீ நடக்க ஆரம்பித்தாய். முன்வாசல் இஸ்தோப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. உட்காரச் சொன்னால் உட்காருவாய், இருபது எண்ணுவதற்குள் எழும்பிவிடுவாய். "கால் நிக்க மாட்டேங்குதுப்பா. உள்ளுக்குள்ள எறும்பு ஓடுது" என்று அழுதாய். எனக்கு என்ன விளங்கியது? நோய் மறுபடியும் ஏறுகிறது என்று விளங்கியது. இன்னும் அரை மாத்திரையைச் சேர்த்து நசுக்கினேன். நீ இன்னும் வேகமாக நடந்தாய். நான் இன்னும் அரை சேர்த்தேன். அது நோயே இல்லை, மருந்து செய்கிற வேலை, சிலருக்கு அப்படி இருப்புக்கொள்ளாமல் பண்ணும், சொன்னால் அளவைக் குறைப்பார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. வார்டை விட்டு வரும்போது சிங்களத்தில் என்னமோ விளக்கமாகச் சொன்னார்கள். நான் "ஹரி, ஹரி" என்று எல்லாம் சரி போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். என்னுடைய சிங்களம் கடையில் உப்புப் புளி வாங்கப் போதும், இதற்குப் போதாது. விளங்கவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்க வெட்கம்.

அப்புறம் கிளினிக் நாள் வந்தது. டொக்டரம்மா தெரிந்த தமிழில் உன்னைக் கேட்டார், "மாத்திரை ஒழுங்கா குடிக்கிறதா?" நீ "இல்ல டொக்டர்" என்றாய். நீ பொய் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்தவரை உன் தொண்டைக்குள் மாத்திரை இறங்கி ஒரு மாதமாகிறது. அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். அங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால் உனக்குத் தெரிந்துவிடும், அப்புறம் தேத்தண்ணியும் குடிக்க மாட்டாய் என்று பொத்திக்கொண்டேன். மருந்து எடுக்காத பிள்ளை, உட்காரக்கூட முடியாமல் அலைகிறான் என்று நினைத்து அவர் அதே வகை மருந்தை ஊசியாக எழுதி, அங்கேயே போடவைத்தார். அந்த இடத்தில் நீ டொக்டராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பாய்.

மறுநாள் பகல் ஆள் வந்து கூப்பிட, ஸ்டோரிலிருந்து ஓடி வந்தேன். காம்பரா வாசலில் நீ கிடந்தாய். கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, கண் இரண்டும் மேலே சொருகி, நாக்கு வெளியே தள்ளிக்கொண்டு இருந்தது. லயமே கூடி நின்றது. "மலையில இருந்து முனி இறங்கிருச்சு" என்றார் ஒருவர். "தேசிக்காய வெட்டுங்க, கற்பூரத்தக் கொளுத்துங்க" என்றார் இன்னொருவர். நானும் கொளுத்தினேன். வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். முனி என்று அவர்கள் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. முனி என்றால் என் மேல் பிழை இல்லைதானே. நீ ஊம் ஊம் என்று ஏதோ சொல்லப் பார்த்தாய். உனக்கு அப்போது சுயநினைவு முழுவதும் இருந்தது, நாங்கள் பேசியதெல்லாம் விளங்கிக்கொண்டுதான் இருந்தது என்று பிறகு சொன்னாய். உன்னை அப்படியே போட்டு மூன்று மணிநேரம் புகை காட்டினோம். கடைசியில் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா வந்து எட்டிப் பார்த்தார். "யோவ், இது முனியும் இல்ல, சனியும் இல்ல. மருந்து புடிச்சிருக்கு. தூக்குங்கய்யா லொறியில!" என்று போட்ட சத்தத்தில்தான் எல்லோரும் நகர்ந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு ஊசி போட்டார்கள். அரை மணிநேரத்துக்குள் கழுத்து தளர்ந்து, கண் இறங்கி, நீ தண்ணீர் கேட்டாய். அதே டொக்டரம்மா வந்து, "வீட்டில வேற மருந்து ஏதாவது குடுத்ததா?" என்று கேட்டார். அம்மா பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தாள். சொல்லு என்று இழுத்தாளா, சொல்லாதே என்று இழுத்தாளா, இன்றுவரை நான் கேட்கவில்லை. "தேத்தண்ணியில கலந்து குடுத்தேன் டொக்டர். ஒரு மாசமா" என்றேன். நீ கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய். நீ என்னைப் பார்க்கவில்லை. அம்மா கையில் இருந்த பிளாஸ்கைப் பார்த்தாய்.

பத்து வருசமாகிறது. அதற்குப் பிறகு நீ யார் வீட்டிலும் தேத்தண்ணி குடித்ததில்லை. மடுல்சீமையில் பிறந்து, தேயிலைக்குச் சூடு போட்டவனின் மகனாக வளர்ந்து, போத்தல் தண்ணீரையும் மூடியைத் திருகிப் பார்த்துவிட்டுக் குடிக்கிறாய். அதற்கு உன் மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்திருக்கிறது தெரியுமா? பிழை செய்தவன் நான், எரிச்சலும் எனக்குத்தான். என் குணம் அப்படி.

அன்றைக்குத்தான் டொக்டரம்மா ஒரு துண்டுக் காகிதத்தில் படம் போட்டு எனக்கு ஆறுதலாக விளக்கினார். மூளைக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செய்தி கொண்டுபோக டோபமின் என்று ஒரு சாமான் இருக்கிறதாம். எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று குறி போடுவதும் அதன் வேலைகளில் ஒன்றாம். எனக்கு விளங்கின மாதிரி சொல்கிறேன். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட ஆள் முன்னால் வரும், மற்றவர்கள் நின்ற இடத்தில் நிற்பார்கள். உன் தலைக்குள் அந்தச் சாமானின் வேலை கூடிப்போய், எல்லாப் பெயரையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டுவிட்டது. லொறி ஹார்னும் முக்கியம், பக்கத்துக் காம்பரா இருமலும் முக்கியம், ரேடியோக்காரியும் முக்கியம். டோபமின் போய் ஒட்டுகிற இடங்களில் மருந்து முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது, அதனால் அந்தக் கூப்பாடு குறைகிறது. நோயை அடியோடு பிடுங்குவதில்லை, அமத்தி வைக்கிறது. ஆனால் அதே சாமான்தான் கை கால் அசைவதற்கும் வேண்டும். அங்கேயும் போய் மறித்துவிடுவதால்தான் விறைப்பு, நடுக்கம், கழுத்து முறுக்கு, காலுக்குள் எறும்பு எல்லாம். "அளவு சரியா முக்கியம், அப்பா. நீங்க சொல்லாம குடுத்தா எனக்கு அளவு தெரியாதுதானே?" என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு வேறு மருந்துக்கு மாற்றினார். இதில் விறைப்பு இல்லை. பதிலுக்குப் பசி வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று ரொட்டியைச் சம்பலோடு தின்றுவிட்டு நான்காவதைத் தேடுவாய். இரண்டு வருசத்தில் உன் சட்டை எல்லாம் என் சட்டையாகி, அப்புறம் என் சட்டையும் உனக்குச் சின்னதாகிவிட்டது. நான் என்ன செய்தேன்? "கொழுந்துச் சாக்கு" என்று கேலி பண்ணினேன், அதுவும் ஆட்கள் முன்னால். மருந்து பசியைக் கூட்டும், அதனால்தான் நிறை பார்க்கிறார்கள், சீனி இருக்கிறதா என்று இரத்தம் எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே கேலி பண்ணினேன். விடிய எழும்ப முடியாமல் கிடந்தால் சோம்பேறி என்றேன். ஒருநாள் நீ, "பயம் போயிருச்சுப்பா. ஆனா சந்தோசமும் சேந்து போயிருச்சு. மனசுல உப்பே இல்லாத மாதிரி இருக்கு" என்றாய். பிள்ளை வாயைத் திறந்து பேசுகிறான், உட்கார்ந்து கேட்போம் என்று இருந்ததா எனக்கு? "வேலைக்குப் போறியா இல்லையா?" என்றேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் சொல்வதில்லை. மாத்திரை உறையைப் பைக்குள் ஒளித்துவைக்கிற பழக்கத்தை உனக்கு யார் பழக்கினார்கள் என்று யோசிக்க யோசிக்க எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, பேனா இரண்டு தரம் நின்றுவிட்டது. கல்யாணம் பேசி முடித்த ஆம்பிளைப் பிள்ளை எதற்குப் பயப்படுவான் என்று எனக்கு விளங்காமல் இல்லை. போன கிளினிக்குக்கு நானும் வந்தேன் அல்லவா? நீ மருந்து எடுக்க வரிசையில் நின்றபோது டொக்டரம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். உன்னைக் கேட்காமல்தான் கேட்டேன், இந்தப் புத்தி என்னை விட்டுப் போகாது. "அது நிறைய ஆளுக்கு வரும் அப்பா. ஆசை குறையும், சிலருக்கு ஏலாமலும் போகும். என்கிட்ட சொன்னா குறைக்கலாம், மாத்தலாம். சொல்லாம நிறுத்துறதுதான் பிரச்சினை" என்றார். கேட்டுக்கொண்டாயா? மாற்றலாமாம். பத்து வருசமாக ஒரே பெண்மணி உன்னைப் பார்க்கிறார். அவரிடம் ஒரு வாக்கியம் சொல்ல வெட்கப்பட்டு, மருந்தையே தூக்கிப் பைக்குள் போட்டாய். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு நான் தலையாட்டிவிட்டு வந்தேனே, அதே கதை.

நிறுத்தினால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதது மாதிரி நடிக்காதே. ஆறு வருசத்துக்கு முன்னால் ஒரு தரம் நிறுத்தினாய். இரண்டு மாதம் எவ்வளவு நன்றாக இருந்தாய்! பாட்டென்ன, சிரிப்பென்ன, அம்மாவுக்கு விறகு உடைத்துக் கொடுத்ததென்ன. நாங்களும் கண்டுகொள்ளவில்லை, பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது என்று கோயிலில் தேங்காய் உடைத்தோம். மூன்றாவது மாதம் ஒருநாள் காலை, பத்து மணி இருக்கும், நான் மெஷினடியில் நிற்கிறேன், நீ ஸ்டோருக்குள் ஓடி வந்தாய். யாரும் மறிப்பதற்குள் சுவிட்சைப் பிடித்து இழுத்து மெஷினை நிறுத்தினாய். உள்ளே கிடந்த தேயிலை அவ்வளவும் பாழ். "அப்பாவ உள்ள வச்சுச் சூடு போடுறாங்க! எங்கப்பாவ எடுங்க!" என்று கத்தினாய். நான் உன் முன்னால்தான் நிற்கிறேன், உனக்குத் தெரியவில்லை. வேலையாட்கள் எல்லோரும் பார்க்க உன் கன்னத்தில் அறைந்தேன். தம்பி, புத்தி பேதலித்த நேரத்திலும் நீ ஓடி வந்தது என்னைக் காப்பாற்ற. அந்தப் பிள்ளையைத்தான் நான் அடித்தேன். இதை நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். மன்னித்துக்கொள்.

இனி ஆவணி மாதத்துக்கு வருகிறேன். நமுனுகுலைக்குப் பரிசம் போடப் போனோம். மாலதி வீட்டில் தட்டோடு தேத்தண்ணி வந்தது. எல்லோரும் எடுத்தோம், நீ எடுக்கவில்லை. அவளுடைய தாய்மாமன் தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், "மாப்பிள்ளைக்கு எங்க வீட்டுத் தண்ணி ஆகாதோ?" அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தோட்டத்தில் ஒரு வீட்டுத் தேத்தண்ணியைத் தொடாமல் வைத்தால் சாதி பார்க்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.  இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் பரிசத் தட்டு திரும்பியிருக்கும். நான் பாய்ந்து விழுந்து, "ஐயோ, அப்படியில்லங்க! அவனுக்கு வயித்துல கேஸ்ட்ரைட்டிஸ், தேத்தண்ணி ஒத்துக்காது" என்றேன். மாலதியின் அம்மா, "மருந்து ஏதும் எடுக்குறாரா?" என்று கேட்டார். "ஆமாங்க, எடுக்குறான். கல்யாணத்துக்கு முந்தி மருந்து முடிஞ்சிரும்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டு இருந்தாய். திரும்பி வரும்போது பஸ்ஸில், சமாளித்துவிட்டேன் பார் என்று அம்மாவிடம் பெருமை பேசினேன்.

அன்றைக்குப் போனில் நீ கடைசியாகச் சொன்னது அதைத்தான். "நீங்கதானே அப்பா சபையில சொன்னீங்க, கல்யாணத்துக்கு முந்தி மருந்து முடிஞ்சிரும்னு. முடிச்சுட்டேன்."   அதை எழுதக் கூசித்தான் இவ்வளவு பக்கம் உன்னைத் திட்டிவிட்டு இங்கே வந்திருக்கிறேன். தேத்தண்ணியில் உன்னைக் கேட்காமல் கலந்தேன். கேஸ்ட்ரைட்டிஸையும் உன்னைக் கேட்காமல்தான் கலந்தேன். நான் சொன்ன பொய்யை உண்மையாக்க நீ உன் உடம்பைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். உனக்கு மூளை இருக்கிறதா என்று கேட்க வந்தேன், அந்தக் கேள்வியை முதலில் என்னிடமே கேட்க வேண்டியதாகிவிட்டது.

வியாழக்கிழமை கிளினிக். போ. விட்ட மாத்திரைகளை எல்லாம் சேர்த்து வைத்து ஒரே நாளில் விழுங்கிவிடாதே, நான் செய்த கோமாளித்தனம் குடும்பத்துக்கு ஒன்று போதும். உறைகளையும் இத்தோடு அனுப்புகிறேன், அப்படியே கொண்டுபோய் மேசையில் வைத்து, மூன்று வாரமாக எடுக்கவில்லை என்று சொல்லு. நிறையைச் சொல்லு, தூக்கத்தைச் சொல்லு, மனசில் உப்பில்லை என்றாயே, அதைச் சொல்லு, அந்த மற்ற விஷயத்தையும் சொல்லு. குறைப்பதா, மாற்றுவதா, எப்படித் தொடங்குவது என்று நீயும் அவரும் பேசி முடிவெடுங்கள். நான் விடிய முதல் பஸ்ஸில் வருகிறேன். உள்ளே வர வேண்டாம் என்றால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வரவே வேண்டாம் என்றால் போனை எடுத்து அதைச் சொல்லு. போனை எடு, அதுதான் முக்கியம்.

சனிக்கிழமை மாலதி எனக்குப் போன் பண்ணினாள். "மாமா, ஒன்னு கேக்கலாமா? கேஸ்ட்ரைட்டிஸ்காரங்க மிளகாச் சம்பல் திம்பாங்களா? அன்னைக்கு எங்க வீட்டுல ரொட்டிக்கு ரெண்டு கரண்டி போட்டுத் தின்னாரு. தேத்தண்ணியில மட்டும் என்ன இருக்கு?" என்றாள். முன்பள்ளியில் நாற்பது பிள்ளைகளை மேய்க்கிறவளிடம் நம் பொய் எத்தனை நாளைக்கு நிற்கும்? எனக்குப் புதிதாக ஒரு பொய் வாய்வரை வந்துவிட்டது, நல்ல பொய்தான், அவள் நம்பியிருப்பாள். விழுங்கிவிட்டேன். "அத அவன்கிட்டயே கேளும்மா" என்றேன்.  "சொல்லுவாரா மாமா?" என்று கேட்டாள். "தெரியாதும்மா" என்றேன். உன் நோயைப் பற்றியும் உன் மருந்தைப் பற்றியும் இந்தப் பத்து வருசத்தில் நான் உனக்காக முடிவெடுக்காமல் விட்டது இந்த ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம், அதை மறைக்கவில்லை. கேட்டுவிட்டு அவள் போனால் போவாள். இருந்தால், எல்லாம் தெரிந்துகொண்டு இருப்பாள். எப்படி என்றாலும் அது உன் வாயால் வர வேண்டியது.

உறைகளோடு ஒரு தேயிலைப் பாக்கெட்டும் வைத்திருக்கிறேன். ஸ்டோரில் ஒட்டினது ஒட்டினபடி இருக்கிறது, நான் பிரிக்கவில்லை, அம்மாவையும் தொடவிடவில்லை. அவள் கேட்க வருகிற அன்றைக்கு நீயே தண்ணீரைக் கொதிக்கவைத்து, நீயே போட்டு, இரண்டு பேரும் குடித்துக்கொண்டு பேசுங்கள். குடிக்க முடியவில்லை என்றால் ஏன் முடியவில்லை என்று அங்கிருந்தே சொல்ல ஆரம்பி. டிரைவரிடமிருந்து வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பி ஒட்டின இடத்தை நன்றாகப் பார்த்து வாங்கு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்பா